வலது பக்கம் பாக்கி

"உக்காந்து ஓய்வெடுங்கன்னா, இங்கயும் கடையத் திறந்துட்டீங்களா?" ஓடைத் தண்ணீரில் காலை நனைத்தபடியே அவள் சத்தம் போட்டாள்.

அவர் காதில் வாங்கவில்லை. மலைப்பாதை ஓரத்து மரப்பெஞ்சில் தாடிக்காரரை உட்கார வைத்து, கழுத்தைச் சுற்றித் துண்டைக் கட்டி முடித்திருந்தார். தனியாக நடந்துவரும் இந்தத் தாடிக்காரர் நேற்றுத்தான் வழியில் பழக்கம். சீப்பையே பார்க்காத அந்தத் தலை நேற்றிலிருந்து தன் கணவரின் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியும். ஆயுள் முழுக்க சலூன் நடத்தியவர். முதுகுப்பையில் மாத்திரையை எடுத்துவைக்க மறந்தாலும் மறப்பார், கத்தரிக்கோலை மறக்க மாட்டார்.

"அக்கா கூப்பிடுறாங்கண்ணா," என்றார் தாடிக்காரர்.

"முதலாளிதானே, கூப்பிடட்டும். கடைக் கல்லாவுல உக்காந்து உக்காந்து அதிகாரம் பழகிப்போச்சு. தலைய ஆட்டாதீங்க. ஆமா, இதுக்கு முன்னாடி யாருங்க இத வெட்டினது?"

"என் தங்கச்சி."

"அவங்களுக்கும் உங்களுக்கும் ஏதாவது சொத்துத் தகராறா?"

கோபமாக இருக்க வேண்டும் என்றுதான் நினைத்தாள். சிரிப்பு வந்து கெடுத்துவிட்டது.

கணவரின் இதயம் ரொம்பவே பலவீனமாகிவிட்டது, படியேறுவதே ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "படுத்த படுக்கையா ஃபேனையே பாத்துக்கிட்டுப் போய்ச் சேர என்னால ஆகாது. நடக்கலாம், வா," என்று அவர் கிளம்பினார். இரண்டு ஜோடி நடைக்காலணி வாங்கி வந்தது அவள்தான். மகள் போனிலேயே கத்தினாள். "அப்பாவுக்கு வழியில ஏதாவது ஆச்சுன்னா உன்கூட நான் பேசவே மாட்டேம்மா!" மகள் சொன்னால் சொன்னதுதான். அந்தப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று கேட்டால் கணவர் அவளைத்தான் கைகாட்டுவார்.

ஒவ்வொரு ஏற்றத்திலும் அவருக்கு மூச்சு வாங்கும்போது அவள் நின்று அவர் முகத்தையே பார்ப்பாள். ஆனால் மனிதர் இறக்கத்தில் எல்லாம் விசிலடித்துக்கொண்டே நடந்தார். அதைக் கேட்கக் கேட்க அவளுக்கு அத்தனை சந்தோஷமாக இருந்தது. செய்தது சரிதான் என்று தோன்றும். அடுத்த ஏற்றம் வந்ததும் மகளின் குரல் கேட்கும்.

"இடது பக்கம் முடிஞ்சுது. கண்ணாடி இல்ல. முதலாளி, நீயே வந்து பாத்துச் சொல்லு."

ஈரக்காலோடு வந்து சுற்றிப் பார்த்தாள். "இந்தப் பக்கம் கல்யாண மாப்பிள்ள. அந்தப் பக்கம் பூச்சாண்டி."

மூன்று பேரும் சிரித்தார்கள். அவர்தான் அதிகம் சிரித்தார். சிரித்துக்கொண்டே, "ஒரு நிமிஷம்," என்று பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்து சாய்ந்துகொண்டார். மூச்சு வாங்குகிறது போல என்று அவள் ஃபிளாஸ்க்கிலிருந்து தேநீரை ஊற்றி நீட்டினாள். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

"என்னங்க, ஆறிடும்."

முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

தாடிக்காரர் அவரைப் புல்லில் கிடத்தி, கை சோரும்வரை நெஞ்சை அழுத்திப் பார்த்தார். போனில் சிக்னல் இல்லாததால் பிறகு ஆள் கூட்டிவர மேட்டை நோக்கி ஓடினார். கழுத்தில் துண்டு அப்படியே இருக்க, ஒரு பக்கத்து முடி மட்டும் காற்றில் பறக்க, மனிதர் விழுந்தடித்து ஓடினார். அவளுக்குக் குபுக்கென்று சிரிப்பு வந்துவிட்டது. "இங்க பாருங்களேன், எப்படி ஓடுறாருன்னு," என்று கணவரின் கையைப் பிடித்துச் சொன்னாள். சொன்ன பிறகுதான் அழுதாள்.

மீட்புப் பணியாளர்கள் இருவர் வந்தார்கள். நாடியைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்கள். ஸ்ட்ரெச்சர் வர நேரமாகும் என்று அவரை மரநிழலுக்கு மாற்றிப் போர்வை போர்த்தினார்கள். அவர்களில் ஒருவர் தாடிக்காரரை உற்றுப் பார்த்து, "உங்களுக்கும் தலையில ஏதாவது அடிபட்டுதா?" என்று கேட்டார்.

அவர்களிடமிருந்த சாட்டிலைட் போனில்தான் மகளைக் கூப்பிட்டாள்.

"அப்பா போயிட்டாரும்மா."

மகள் வைத்துவிடப்போகிறாள் என்று அவள் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன பண்ணிட்டிருந்தாரு?"

"ஒருத்தருக்கு முடி வெட்டிட்டிருந்தாரு."

"மலை மேலயா?"

"ஆமா."

"முன்னாடி வெட்டினவங்களத் திட்டினாரா?"

"திட்டாம இருப்பாரா? சொத்துத் தகராறான்னு கேட்டாரு."

அழுகையா சிரிப்பா என்று பிரித்துச் சொல்ல முடியாத சத்தம் வெகுநேரம் கேட்டது. கடைசியில் மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நீ ஏதாவது சாப்பிட்டியாம்மா?" என்றாள். "அங்கயே இரு. நான் வரேன்."

அவளுக்கு அப்போதுதான் கால் குளிர்வது தெரிந்தது. காலணியை மாட்டிக்கொண்டு வந்தபோது தாடிக்காரர் துண்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"அவிழ்க்காதீங்க. இந்தக் கோலத்துலயா கீழ வரப்போறீங்க? வெட்டினது யாருன்னு கேட்டா அவர் பேருதான் கெடும். உக்காருங்க."

"உங்களுக்கு வெட்டத் தெரியுமாக்கா?"

"கல்லாவுலேருந்து பாத்திருக்கேன்."

தாடிக்காரர் உட்கார்ந்து தலையைக் குனிந்தார். புல்லில் கிடந்த கத்தரிக்கோலை அவள் முந்தானையில் துடைத்து எடுத்தாள். முதல் வெட்டே கோணலாகப் போனது. சட்டென்று திரும்பி மரநிழலைப் பார்த்தாள். போர்வைக்குள் படுத்திருந்தவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.