படத்தின் மேல் வைத்த கை

காலை ஏழு மணிக்குப் பனி என்னைத் தாங்கியது. சரிவின் அடியில் நின்று தடியை ஓங்கிக் குத்தினேன், முனைகூட இறங்கவில்லை. இரவுக் குளிரில் இறுகியது, வெயில் ஏறினால் பத்து மணிக்கெல்லாம் இளகிவிடும். பதினாறு வருடமாகச் சாலைக்காரர்களுக்குப் பனி சரியுமா என்று பார்த்துச் சொல்கிறவள் நான். "பத்துக்குள்ள ஓடையைத் தாண்டிடணும்" என்று வீட்டில் சொன்னேன்.

சொல்லி என்ன? மாமனார் பிமுர்சாவின் சவப்பெட்டியை மூத்த மகன் வராமல் எடுக்க முடியாது. மூத்தவர் முர்சகான் குத்தாயிசி நகரத்திலிருந்து வந்து சேரும்போது மணி பதினொன்றரை. கல்லறை ஓடைக்கு அந்தப் பக்கம். நாற்பது பேர், பெட்டியை மாட்டுச் சறுக்குவண்டியில் ஏற்றிக்கொண்டு, சரிவுக்கு நேர் கீழே நடக்கவேண்டும். ஓடிப்போய் மறுபடி குத்தினேன். தடி கைப்பிடிவரை இறங்கியது. உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம். முற்றத்துக்குத் திரும்பி ஓடினேன்.

"இன்னைக்கு வேண்டாம் அத்தான். நாளைக்குக் காலைல போவோம்" என்று முர்சகானிடம் சொன்னேன்.

"நாலு நாளா அப்பா கிடக்கிறாரு. சாவு விருந்துக்குக் காளையை வெட்டியாச்சு. இப்ப வந்து நாளைக்குங்கிறியே!"

"நீங்க வர்ற வரைக்கும் பனி காத்துக்கிட்டிருக்குமா?"

"எழுபது வருஷம் இதே ஓடையைத் தாண்டினவரு. அவருக்குத் தெரியாதது உன் தடிக்குத் தெரிஞ்சிருச்சாக்கும்?"

யாரோ சிரித்தார்கள். சாவு வீட்டில் என்ன சிரிப்போ.

மாமியார் மக்வாலா சிரிக்கவில்லை. உள்ளே போய்ப் புனித ஜார்ஜின் படத்தைக் கொண்டுவந்து பெட்டியின் மேல் வைத்தாள். "சத்தியம் பண்ணு. இன்னைக்குப் பனி சரியும்னு சொல்லு, நாங்க நிக்கிறோம்."

எங்கள் ஊரில் கொலைப்பழிகூட அந்தப் படத்தின் முன்னால்தான் தீரும். பொய்ச் சத்தியம் செய்தவரை அது தொடாது, பிள்ளையைத் தொடும். என் ஐந்து வயது மகன் தாத்தோ என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"சரிய வாய்ப்பு ரொம்ப இருக்கு அத்தை. நிச்சயமா யாராலயும்..."

"வாய்ப்புக் கதையெல்லாம் வேணாம். சரியுமா, சரியாதா?"

எனக்குத் தெரியாது. பனி பார்க்கிற எவருக்கும் தெரியாது. முர்சகான் மாடுகளை வண்டியில் பூட்டினார். என் கணவர் பெட்டியைத் தூக்கக் குனிந்தார். படத்தின் மேல் கை வைத்தேன்.

"சரியும்."

அன்று பிற்பகல் எல்லாரும் முற்றத்தில் நின்று சரிவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விழு, விழு என்று மனதுக்குள் கெஞ்சினேன். பதினாறு வருடமாக விழாதே என்று வேண்டியவள். நாலு மணிக்கு ஒரு கட்டி உருண்டது. ரொட்டி அளவுகூட இல்லை, பாதியிலேயே நின்றுவிட்டது. வெயில் போயிற்று, குளிர் ஏறிற்று. சரிவு அப்படியே இருந்தது.

மறுநாள் ஏழு மணிக்கு, கல்லாக இறுகிய பனிமேல் நாற்பது பேரும் ஒரு கீறல் இல்லாமல் கடந்தோம். யாரும் என்னோடு பேசவில்லை. முர்சகான் மட்டும், "பரவாயில்ல, விடு" என்றார். அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

குழியில் மண் போடும்போது தாத்தோ இருமினான். மண் வாரிய கைகளெல்லாம் அப்படியே நின்றன. மாமியார் அவனைத் தன் சால்வைக்குள் இழுத்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

நானும் தொட்டுப் பார்த்தேன். சுடுகிற மாதிரியும் இருந்தது, சுடாத மாதிரியும் இருந்தது.