இரண்டு விருத்தாசலம்

திண்டிவனத்துத் தனியார் பள்ளியில் பிரெஞ்சு சொல்லித்தரும் இளவரசிக்கு அந்தப் பட்டியலைப் படிக்க யார் தயவும் தேவைப்படவில்லை. அதுதான் வினை. விழுப்புரம் கலெக்டர் ஆபீஸ் வராந்தாவில் மனுவோடு அவள் காத்திருந்தபோது, வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் அதை வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டு போனை அணைத்துவிட்டான், புண்ணியவான்.

போர்த்துகல் கடலில் கவிழ்ந்த மீன்பிடிக் கப்பலின் ஆட்கள். மரக்காணம் குப்பத்திலிருந்து அதில் போனவர்கள் இரண்டே பேர். அவள் புருஷன் வல்லரசு, அவன் தம்பி அறிவுச்செல்வன். பட்டியலில் அவர்களுக்கு இரண்டு வரி.

விருத்தாசலம் – வீவோ.
விருத்தாசலம் – மோர்த்தோ.

போர்த்துகீசு அவள் படித்ததில்லை. ஆனால் வகுப்பில் அவளே கரும்பலகையில் எழுதிப் போட்டதுதான். லத்தீனில் வீவுஸ், அதுவே பிரெஞ்சில் வீஃப், இத்தாலியிலும் ஸ்பெயினிலும் வீவோ, ருமேனியாவில் வியூ. வேஷம் மாறினாலும் உள்ளே இருப்பது உயிர்தான். அடுத்த வரிக்கும் அகராதி வேண்டியிருக்கவில்லை; பிரெஞ்சில் மோர், செத்தவன்.

விருத்தாசலம் அவள் மாமனார். செத்து எட்டு வருஷமாகிறது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கேட்டபோது அண்ணன், தம்பி இரண்டு பேருமே அப்பா பெயரைப் போட்டிருந்தார்கள். நம் ஊரில் வேறு எதைப் போடுவது? கப்பல்காரன் அதை மட்டும் குறித்து வைத்திருந்தான், பாவி.

"ன்னாக்கா போட்டுக்குது? ஜல்தி சொல்லேன்!" ஓரகத்தி கலைப்பிரியா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஒருத்தரு உசுரோட இருக்காரு."

"யாரு?"

"தெரியலடி."

கலைப்பிரியா கண்ணை மூடிக் கும்பிட்டாள். யாருக்காக என்று கேட்கவும் வேண்டுமா? இளவரசியும் அதையேதான் வேண்டிக்கொண்டிருந்தாள், என் புருஷனாக இருக்கட்டும் என்று. அப்படியானால் இவள் கதி? ஐயோ, என்ன ஜென்மம் நான் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். வேண்டுதலை மட்டும் நிறுத்த முடியவில்லை.

போன் அடித்தது. வெளிநாட்டு எண். படித்தவள் என்று இரண்டு பேர் விண்ணப்பத்திலும் இவள் நம்பரைத்தான் கொடுத்திருந்தார்கள். கலைப்பிரியா காதை ஒட்டவைத்துக்கொண்டு நின்றாள். இரைச்சல், இருமல், பிறகு ஓர் ஆண் அழும் சத்தம். அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே குரல்.

"யாருங்க அது? வாயத் தொறந்து பேசுங்களேன்!"

"அண்ணி," என்றது குரல்.