சோப்பு தடவிய வில்

வானொலி நிலையத்தின் பழைய ஒலிப்பதிவுக் கூடத்துக்கு எழுபத்தைந்து வயது ஆகிவிட்டதாம். அதற்கு ஒரு விழா எடுத்தார்கள். அந்தக் காலத்தில் அங்கே வாசித்தவர்களைக் கூப்பிட்டு, பழைய டேப்புகளை ஓடவிட்டு, ஆளுக்கு ஐந்து நிமிடம் நினைவுகளைப் பேசச் சொல்லியிருந்தார்கள். முப்பத்திரண்டு வருடமாக மென்று முழுங்கிய விஷயத்தை இன்று மைக்கில் போட்டு உடைத்துவிடுவது என்று வயலின்காரர் கிளம்பும்போதே முடிவு கட்டிவிட்டார். ஊர் கேட்காவிட்டால் போகிறது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவி கேட்டால் போதும்.

எல்லாம் மனைவியின் அண்ணனால் வந்த வினை. அவர் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு வானொலி ‘முதல் தரம்’ கொடுத்த கடிதம், அவர் வீட்டில் நுழைந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கண்ணில் படுகிற மாதிரி சட்டம் போட்டுத் தொங்குகிறது. வயலின்காரருக்குக் கிடைத்தது இரண்டாம் தரம். வீட்டில் அவர் வில்லைக் கையில் எடுத்தால் போதும், அடுக்களையிலிருந்து குரல் வந்துவிடும்.

“அண்ணன் அன்னிக்கு ரேடியோவுல வாசிச்ச மாதிரி இல்லைங்க.”

கேட்கிற மனுஷனுக்கு வயிறு எரியுமா எரியாதா?

நடந்தது இதுதான். கல்யாணத்துக்கு முன்னால், அண்ணன்காரருக்கு எப்படியாவது வானொலியில் ஏறிவிட வேண்டும் என்று ஆசை. வயலினை அழகாகப் பிடிப்பார். அதிலிருந்து சத்தம் வந்தால்தான் தகராறு. ஆனால் வானொலியில் ஒரு வசதி இருந்தது. பதிவான டேப்பில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். தேர்வுக் குழு வேறொரு அறையில் உட்கார்ந்து கேட்டுத் தரம் போடும்.

“என்னை எப்படியாவது ஏத்திவிடு மாப்பிள்ளை. தங்கச்சி விஷயத்தை வீட்டுல பேசி முடிக்கிறது என் பொறுப்பு” என்றார்.

பெண் கேட்பதற்கு முன்பே மாப்பிள்ளை என்று கூப்பிட்டதில் இவர் விழுந்துவிட்டார்.

ஒரே நாளில் இரண்டு பதிவுகள். காலையில் ஏழாம் எண், இவர் தனக்காக வாசித்தது. மதியம் பன்னிரண்டாம் எண், மச்சானுடையது. துணைக்கு இரண்டாவது வயலின் என்று எழுதிக் கொடுத்து இவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். இருவருக்கும் ஒரே மைக். மச்சானின் வில்லில், தந்தியைக் கவ்வத் தடவுகிற பிசினுக்குப் பதிலாகக் குளியல் சோப்பு. சோப்பு தடவிய வில் தந்தியில் வழுக்கிக்கொண்டு போகுமே தவிர, மூச்சுவிடாது.

சிவப்பு விளக்கு எரிந்தது. மச்சான் கண்ணை மூடித் தலையை ஆட்டினார், இவர் வாசித்தார். பாதியில் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிப்பதிவாளர் எழுந்து வந்தார். மச்சானைப் பிரமாதம் என்று புகழ்ந்துவிட்டு இவர் பக்கம் திரும்பினார்.

“ரெண்டாவது வயலின் கேக்கவே மாட்டேங்குது. கொஞ்சம் அழுத்தி வாசிங்க.”

ஒரு மாதம் கழித்து முடிவு வந்தது. ஏழாம் எண்ணுக்கு இரண்டாம் தரம், பன்னிரண்டாம் எண்ணுக்கு முதல் தரம். அதே கை, அதே வயலின், அதே நாள். பன்னிரண்டாம் எண்ணை மச்சான் பெயரில் ரேடியோவிலும் போட்டார்கள். கடிதம் வந்த மறுநாளே மச்சானுக்கு வலது மணிக்கட்டில் வந்த வலி இன்றுவரை தீரவில்லை, அதனால் அவர் பிறகு வாசிக்கவும் இல்லை. ஆனாலும் சொன்ன வாக்கைக் காப்பாற்றிக் கல்யாணத்தை முடித்துவைத்தார். இவர் மாதாமாதம் இதே கூடத்துக்கு வந்து இரண்டாம் தரமாக வாசித்துவிட்டுப் போனார்.

இப்போது பன்னிரண்டாம் எண் டேப்பை ஓடவிட்டார்கள். முன்வரிசையில் மச்சான் பழக்க தோஷத்தில் கண்ணை மூடித் தலையை ஆட்டத் தொடங்கினார். வயலினோடு சேர்ந்து இன்னொரு சத்தமும் கேட்டது. ஒவ்வொரு அடி எடுக்கும்போதும் ‘சர்’ரென்று ஒரு மூக்குறிஞ்சல். வயலின்காரரின் சொந்த மூக்கு. அவர் மெல்ல மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

“என்ன பாக்கறீங்க? இந்த மூக்கோடதானே குடும்பம் நடத்தறேன்” என்றாள் அவள். “கல்யாணமான மூணாம் மாசம் ரேடியோவுல இதை மறுபடி போட்டாங்களே, அன்னிக்கே தெரியும்.”

அவர் அவள் காதருகே குனிந்தார். தெரிந்துகொண்டேவா இத்தனை வருடம் அண்ணன், அண்ணன் என்று குத்திக் காட்டினாய் என்று கேட்டார்.

“அன்னிக்கு என்னைக் கட்டணும்னு வாசிச்சீங்க. கட்டினதுக்கப்புறம் ஏதோ ஆபீசுக்குப் போற மாதிரி வாசிக்கறீங்க. அதைத்தான் சொன்னேன்.”

அதற்குள் மேடைக்கு அவரை அழைத்துவிட்டார்கள். முதல் தர வித்துவானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்த அனுபவத்தைச் சொல்லும்படி அறிவிப்பாளர் கேட்டார். மச்சானின் முகத்தில் ஈயாடவில்லை. பதற்றத்தில் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், அதுவும் இடது மணிக்கட்டை. வயலின்காரர் அவரை ஆசைதீர ஒரு நிமிடம் தவிக்கவிட்டார்.

“பன்னிரண்டாம் எண்ணுல கேட்டீங்களே, அந்த மாதிரி நான் அப்புறம் வாசிச்சதே இல்ல. வீட்டுலயும் அதைத்தான் சொல்றாங்க.”

கைதட்டல் ஓய்ந்ததும் கொஞ்சம் வாசிக்கச் சொன்னார்கள். அவர் வில்லுக்கு நிதானமாகப் பிசின் தடவினார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார். கூட்டத்தை மறந்து, இரண்டாம் வரிசையில் இருந்த ஒரே ஒருத்தியைப் பார்த்தபடி வாசித்தார்.

இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்தார். தேர்வுக் குழு முடிவுக்குக்கூட அவர் இப்படிக் காத்திருந்ததில்லை. மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“அண்ணன் மாதிரியே இருந்துச்சு.”