ஆறு மீட்டர் தொலைவில் ஒரு மூச்சு

செவ்வாய்க்கிழமைதோறும் மூன்று நாட்டுக்காரர்கள் சேர்ந்து அவள் மூச்சு விடுவதை அளந்தார்கள். வேலையே அதுதான். அலைபேசி வலையமைப்பின் அடுத்த தலைமுறை எப்படி இருக்க வேண்டும் என்று கண்டறிய மூன்று ஆய்வுக்கூடங்கள் நான்காண்டு ஒப்பந்தம் போட்டிருந்தன. பேச்சையும் படத்தையும் சுமந்து போகும் அதே ரேடியோ அலை, வீட்டுக்குள் யார் இருக்கிறார், விழுந்து கிடக்கிறாரா, மூச்சு சீராக வருகிறதா என்பதையும் உணர்ந்து சொல்ல வேண்டும். ஒரு நாடு ஆன்டெனா செய்தது. ஒரு நாடு கணக்குப் போட்டது. அளப்பது அவளுடைய ஆய்வுக்கூடத்தின் பங்கு.

கணக்குப் போடும் நாட்டில் இருந்த மூத்த விஞ்ஞானிக்கு இங்கே சல்லடையம்மா என்று பெயர். எதை அனுப்பினாலும் சலித்துச் சலித்து ஒரு கல்லையாவது எடுத்துக் காட்டிவிடுவார். இரண்டு வருடமாக வாராவாரம் பேசியும் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. அந்தக் குரல் காதில் விழுந்தாலே அவள் தன் கணக்கை இன்னொரு முறை சரிபார்ப்பாள்.

பட்டப்பெயரை வைத்தவர் அவளுடைய அத்தான், அக்காவின் கணவர். அவர் வேலை பார்த்த தொழிற்சாலை மூடியபோது, எட்டு மாதங்களுக்கு முன்பு, இங்கே தொழில்நுட்ப உதவியாளராகச் சேர்த்துவிட்டவள் அவள்தான். கேபிள் இழுப்பது, கருவிகளைத் தூக்கி வைப்பது, ரேடியோ வாங்கியைக் குளிரவைக்கும் திரவ நைட்ரஜனை நிரப்புவது எல்லாம் அவர் பொறுப்பு. "நீ மூச்சு விடுறதுக்கு சம்பளம், நான் மூச்சு வாங்குறதுக்கு சம்பளம்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிவார்.

அன்று காலை பத்து மணிக்கு அவள் அளவீட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். வீட்டுக் கூடம்போல ஜோடித்த அறை அது: சோபா, மேசை, புத்தக அலமாரி, மெல்லிய பலகைத் தடுப்புச் சுவர்கள். சோபாவில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்து காதில் ஒலிவாங்கி வைத்த கம்பியில்லா ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். திரையில் அவளுடைய மூச்சு ஒரு கோடாக ஏறி இறங்கத் தொடங்கியது. அந்தப் பக்கத்தில் மாலை நேரம். சல்லடையம்மாவும் அதே கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்தேகால் மணிக்கு இரண்டாவது கோடு ஒன்று தெரிந்தது.

அவளுக்கு அலுப்பாக இருந்தது. மூன்று வாரமாக இதே தொல்லை. அலை சுவரில் பட்டுத் திரும்பும்போது அவளுடைய மூச்சே இன்னொரு ஆள்போலத் தெரியும். அதை எதிரொலி என்று குறித்து நீக்கிவிடுவாள். இன்றும் நீக்கப் போனாள்.

சல்லடையம்மா தடுத்தார். அது எத்தனை மீட்டரில் தெரிகிறது என்று கேட்டார். ஆறு, என்றாள். அறையின் நீளமே நான்குதானே என்றார் அவர். எதிரொலி என்றால் சுற்றி வருவதால் தூரம் கூடுதலாகத்தான் காட்டும் என்று அவள் பதில் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் பதில் ஒப்பிக்கும் குரலில்.

"சரி, ஒண்ணு செய்யுங்க. மூச்ச அடக்கிக்கங்க" என்றார் சல்லடையம்மா.

அடக்கிக்கொண்டாள். அவளுடைய கோடு தட்டையாகப் படுத்தது. ஆறு மீட்டரில் இருந்த கோடு ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது.

அறையில் வேறு யாரும் இல்லை. சோபாவின் பின்னால் திரும்பிப் பார்த்தாள். அலமாரி, மேசை, சுவர். ஆனால் திரையில் யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அது நீங்க இல்ல" என்றார் சல்லடையம்மா. "வேற யாரோ. வேகம் குறைஞ்சுகிட்டே வருது, பாருங்க. நிமிஷத்துக்குப் பதினாறுல ஆரம்பிச்சது, இப்ப பதினொண்ணு. அந்தச் சுவருக்குப் பின்னால என்ன இருக்கு?"

நைட்ரஜன் தொட்டி இருக்கும் சின்ன அறை. அதைச் சொல்லும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. அத்தான் கீழ்த்தளத்துக் கிடங்குக்குப் போவதாகச் சொல்லியிருந்தார். போவதற்கு முன் தொட்டியைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நுழைந்திருப்பார்.

நைட்ரஜன் கசிந்து அந்த அறையில் ஆக்சிஜன் குறைந்தால் அலறுவதற்கு ஒரு கருவி உண்டு. அது அலறவில்லை. அலறாது. அந்தக் கருவியின் மின்னிரைச்சல் அளவீட்டில் கலக்கிறது, அளக்கும் நேரத்தில் மட்டும் அதன் மின்இணைப்பைப் பிடுங்கி வையுங்கள் என்று மூன்று வாரத்துக்கு முன்பு அத்தானிடம் சொன்னவள் அவளேதான்.

அவள் எழுந்து ஓடினாள்.

தாழ்வாரம் நீளமாக, வெளிச்சமாக, ஆளில்லாமல் கிடந்தது. காவலாளியைக் கூப்பிட்டுக் கத்திக்கொண்டே அந்தக் கதவை இழுத்துத் திறந்தாள். முழங்கால் உயரத்துக்கு வெண்புகை சில்லென்று வெளியே வழிந்தது. தொட்டியின் குழாயில் சீறல் சத்தம். புகைக்கு அடியில் ஒரு ஜோடிக் காலணி, குதிகால் மேலே பார்த்தபடி.

"அத்தான் விழுந்து கிடக்கார்" என்று கத்தியபடியே அவள் ஒரு கால் உள்ளே வைத்துவிட்டாள்.

"உள்ள போகாதீங்க" என்றது காதில் இருந்த குரல். இரண்டு வருடத்தில் அந்தக் குரல் நடுங்கி அவள் கேட்டதில்லை. "எங்க லேப்ல இதே மாதிரி நடந்துச்சு. முதல்ல விழுந்தவன் பிழைச்சுட்டான். தூக்கப் போனவன்தான் செத்தான். நான் பார்த்துகிட்டு நின்னேன். போகாதீங்கம்மா."

காலைப் பின்னால் எடுத்தாள். தன் வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான காரியம் எதையும் அவள் செய்ததில்லை. கதவருகே சிவப்புப் பொத்தான் இருந்தது. அழுத்தினாள். வெளியேற்று விசிறி இருமி இருமிச் சுற்றத் தொடங்கியது. காவலாளி ஓடி வந்தார். தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டார். முகமூடியோடு ஆள் வர எட்டு நிமிடம் ஆகும் என்றார்கள்.

"எட்டு நிமிஷம் தாங்குமா?" என்று கேட்டாள்.

"எட்டு" என்றார் சல்லடையம்மா. நிமிடத்தைச் சொல்கிறார் என்று அவள் நினைத்தாள். இல்லை, மூச்சை எண்ணிக்கொண்டிருந்தார். "இப்ப ஏழு. இன்னும் இருக்கு. விடாம இருக்கார்."

கண்ணெதிரே, நான்கு அடி எடுத்து வைத்தால் தொட்டுவிடும் தூரத்தில் அக்காவின் கணவர் குப்புறக் கிடந்தார். அவருக்கு உயிர் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்ததே கடல் கடந்து உட்கார்ந்திருக்கும் ஒருத்தர் சொல்லித்தான். அக்காவிடம் என்ன சொல்வது என்ற ஒரே நினைப்பு மண்டைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது.

காவலாளிக்குத்தான் யோசனை வந்தது. உயரமான சன்னல்களைத் திறக்க நுனியில் கொக்கி வைத்த நீளக் கம்பு ஒன்று படிக்கட்டோரம் சாத்தியிருக்கும். எடுத்து வந்தார். இருவரும் வாசலுக்கு வெளியே மண்டிபோட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு கம்பை நீட்டினார்கள். முதல் தடவை கொக்கி சட்டையைக் கிழித்தது. இரண்டாம் தடவை வழுக்கியது. தாழ்வாரத்தின் கடைசிவரை போய் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். மூன்றாம் தடவை இடுப்புக் கச்சையில், கருவிகளை மாட்டும் தடித்த தோல் கச்சையில், கொக்கி விழுந்தது. இழுத்தார்கள். கனத்த மனிதர், அங்குலம் அங்குலமாக வந்தார்.

"கோடு போயிடுச்சு" என்றார் சல்லடையம்மா. "எனக்கு ஒண்ணும் தெரியல. கேக்குதா? கோடு போயிடுச்சு."

ஆனாலும் அவள் கம்பை விடவில்லை. தலை வாசலைத் தாண்டியதும் காவலாளி தோளைப் பிடித்துத் தாழ்வாரத்தின் மறுகோடிவரை இழுத்துப் போய் மல்லாக்கப் போட்டார். உதடு நீலம். அவள் நெஞ்சில் காதை வைத்தாள். தன் இதயம் அடிப்பதுதான் கேட்டது. காவலாளி நெஞ்சை அழுத்தக் கையை வைத்தபோது அத்தானின் வாயிலிருந்து கிழிந்த துணிபோல ஒரு சத்தம் வந்தது. பிறகு இன்னொன்று. கருவி பார்க்கும் எல்லையை விட்டு அவரை இழுத்து வந்துவிட்டதால்தான் கோடு மறைந்தது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"மூச்சு இருக்கு" என்று ஒலிவாங்கியில் சொன்னாள். மறுமுனையில் சல்லடையம்மா அழுவது கேட்டது.

அத்தானுக்கு மறுநாள் மதியம் நினைவு திரும்பியது. தன் பெயர் நினைவிருந்தது, அக்காவை அடையாளம் தெரிந்தது. அந்த வாரம் நடந்தது எதுவும் தெரியவில்லை. வலது கை விரல்கள் நடுங்கின. நாளாகச் சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்றார் மருத்துவர்.

அக்கா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, நீ இல்லாவிட்டால் என் குடும்பம் நடுத்தெருவில் நின்றிருக்கும் என்று அழுதாள். வார்டில் இருந்த எல்லோரும் அவளைப் புண்ணியவதியைப்போலப் பார்த்தார்கள். இரண்டு நாள் அவள் வாயை மூடிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் விசாரணைக் குழுவுக்கு, கருவியைப் பிடுங்கச் சொன்னது நான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அனுப்பும் முன் மருத்துவமனைக்குப் போய் அக்காவை வராந்தாவுக்கு அழைத்துச் சொன்னாள்.

அக்கா முழுதும் கேட்டாள்.

"அவர் மூச்சு நின்னுருந்தா அப்பவும் சொல்லிருப்பியா?" என்றாள்.

"தெரியலக்கா."

அக்கா திரும்பி வார்டுக்குள் போனாள்.

மூன்று நாடுகளிலும் அளவீடு இரண்டு மாதத்துக்கு நிறுத்தப்பட்டது. அவளைப் பொறுப்பிலிருந்து விலக்கினார்கள்; வேலையிலிருந்து விலக்கவில்லை. எதிரொலி என்று அவள் நீக்கிய பழைய பதிவுகளையெல்லாம் மறுபடி எடுத்துப் பார்ப்போம், நானும் கூட உட்காருகிறேன் என்று சல்லடையம்மா எழுதியிருந்தார்.

அத்தானை வீட்டுக்கு அழைத்துப் போன அன்று அவளும் போனாள். மூன்று மாடி, மின்தூக்கி இல்லை. அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் ஏறினாள். அவள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் அத்தான் நின்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று இருவரும் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.