கத்தரிக்காய் நிறத்தில் ஒரு கறுப்பு

மாமனார் கண்புரை ஆபரேஷன் முடிந்து கண் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் படுத்திருந்த அந்த ஒரு நாளில்தான் மாப்பிள்ளை திருட்டு வேலையில் இறங்கினார். திருட்டு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மாமனாருடைய காரின் முகப்பிலிருந்த கம்பெனிச் சின்னத்தையும் கதவோரப் பட்டைகளையும் கழற்றி, கறுப்புப் பெயிண்ட் அடித்து, அவர் வீடு திரும்புவதற்குள் மாட்டிவிட வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவற்றுக்குப் பெயிண்ட் அடித்தவர் மாமனாரேதான், சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாள் விரித்து. வேலை என்னவோ வழவழவென்று அற்புதமாக இருந்தது. ஆனால் லேபிள் கிழிந்த அந்த டப்பாவில் இருந்தது கறுப்பு இல்லை, பளபளக்கும் கத்தரிக்காய் நிறம். கண்புரை மூடிய கண்ணுக்கு அது கறுப்பாகத் தெரிந்துவிட்டது. "எப்படி?" என்று அவர் மார்தட்டிக் கேட்டபோது வீட்டில் எல்லோரும் தலையாட்டி வைத்தார்கள். ஆயுசு முழுக்க அச்சகத்தில் மை கலந்தவர். அடுத்தவர் சட்டையைப் பார்த்தே, "சிவப்பு ரெண்டு சொட்டு தூக்கல்" என்று தீர்ப்புச் சொல்கிறவர். அவரிடம் போய் யார் சொல்வது?

நாளைக் காலையில் கட்டைப் பிரிப்பார்கள். வந்ததும் முதலில் காரைத்தான் பார்ப்பார். பார்த்தால் மனிதர் ஒடிந்துபோவார்.

மாப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சாக்பீஸைத் தவிர வேறெதையும் பிடித்துப் பழகாத கை. மனைவியின் ஹேர் டிரையரால் சின்னத்தையும் பட்டைகளையும் சூடாக்கி, பின்னால் நூலை விட்டு அறுத்து எடுத்தார். உப்புத்தாளால் தேய்த்தார். அதுவரைக்கும் சமர்த்து. ஸ்பிரே டப்பா கைக்கு வந்ததும் தலைகால் புரியவில்லை.

"லேசா அடிச்சு, காயவிட்டு, மறுபடி லேசா அடிக்கணும்ங்க. அப்பா அப்படித்தான் செய்வாரு," என்றாள் மனைவி.

"ஒரே தடவைல கெட்டியா அடிச்சா வேலை முடிஞ்சுதில்ல?"

முடிந்தது. பெயிண்ட் சின்னத்தின் அடியில் மெழுகாக வழிந்து நின்றது. துடைக்கப் போனவர் கட்டைவிரல் ரேகையையும் பதித்து வைத்தார். எங்கிருந்தோ வந்த கொசு ஒன்று அதில் உட்கார்ந்து அங்கேயே குடியேறியது. மனைவி சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். திரும்பச் செய்ய நேரமில்லை. நிறமாவது கறுப்புதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு ஒட்டினார்.

மறுநாள் வாடகைக் காரில் வந்து இறங்கிய மாமனார் நேராகத் தன் காரிடம் போனார். கூலிங் கிளாஸைத் தூக்கிவிட்டுக் குனிந்தார்.

"இது நான் அடிச்சது இல்ல," என்றார் மாமனார். "என் வேலையில கொசு இருக்காது. யாரு கை வச்சது?"

மகள்தான் போட்டு உடைத்தாள். "நீங்க அடிச்சது கறுப்பே இல்லப்பா. கத்தரிக்காய் நிறம். பார்த்தா உங்க மனசு கஷ்டப்படுமேன்னு இவருதான் நேத்து பூரா..."

மாமனாரின் முகம் தொங்கிப்போனது. "ரெண்டு வருஷமாவா? ஊரே பார்த்துச்சா?"

"பார்த்துச்சு மாமா. நாங்களும் அதுலதானே ஏறிக்கிட்டுப் போனோம்," என்றார் மாப்பிள்ளை.

பெரியவர் மகளைப் பார்த்தார். மாப்பிள்ளையின் கறுத்துப்போன கட்டைவிரலைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்போடு கண்ணும் கலங்கியது.

"ஐயோ அப்பா, கண்ணுல ஈரம் படக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே!" என்று மகள் பதறினாள்.

"கழட்டிட்டு நீங்களே அடிச்சிருங்க மாமா," என்றார் மாப்பிள்ளை.

"தொடாதீங்க மாப்ள, அப்படியே இருக்கட்டும்," என்றார் பெரியவர். "எனக்காக ஒருத்தர் இவ்வளவு மோசமா பெயிண்ட் அடிச்சது இதுதான் முதல் தடவை."