ஒன்பது படமும் ஒரே வெளிச்சமும்

தலவாக்கலை ஸ்டேஷனுக்குப் போகிற ரோட்டில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஜீவராணி, கல்யாணம், காதுகுத்து, அடையாள அட்டைப் படம் என்று பதினான்கு வருடமாகப் பிழைத்து வருகிறவள். அவளைத் தேடி ஒருநாள், அவள் பிறந்த தேயிலைத் தோட்டத்தின் சின்ன துரை, அதாவது உதவி மேனேஜர் நிரோஷன், ஜீப்பில் வந்து இறங்கினார். வெள்ளிக்கிழமை வெளிநாட்டுக்காரர்களுக்காகத் தேநீர் நிலையம் ஒன்று திறக்கிறார்களாம். அதன் சுவருக்கு, இருபது அடி நீளத்தில் தோட்டம் முழுவதும் ஒரே படமாக வேண்டுமாம். பங்களா, ஃபெக்டரி, கொழுந்து மலை, தொழிலாளர்கள் குடியிருக்கும் லயம், எல்லாம். லயத்தைச் சேர்க்கச் சொன்னது பாசத்தில் அல்ல. அதை வெட்டிவிட்டு இரண்டு பக்க மலையையும் ஒட்ட வழியில்லை.

எதிர்மலையில் ஏறி, கமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, இடமிருந்து வலமாக ஒன்பது படம் எடுத்தாள். அன்றைக்கு வானம் ஒரு நிலையில் இல்லை. ஒரு படத்துக்கு வெயில், அடுத்த படத்துக்கு மேகம். வெளிச்ச அளவை ஒரே இடத்தில் பூட்டி வைத்திருக்க வேண்டியவள், மறந்துபோய்க் கமராவின் இஷ்டத்துக்கே விட்டிருந்தாள். 'அனுபவம் மிக்க கலைஞர்' என்று ஸ்டூடியோ போர்டில் எழுதியிருந்ததும் அவளேதான்.

கம்ப்யூட்டரில் ஒட்டிப் பார்த்தால் ஒன்பது படமும் பட்டை பட்டையாகத் தனித்தனியே நின்றன. பங்களா மேல் தங்க வெயில். ஃபெக்டரி மேல் உச்சி மத்தியானம். லயத்தின் மேல் மட்டும் பொழுது சாய்ந்து போயிருந்தது.

"என்னங்க மிஸ் இது, டெய்லர் கடைத் துண்டுத் துணிய ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கு?" என்றார் நிரோஷன்.

"திரும்ப எடுத்துத் தர்றேன் சேர்."

"அதுக்கு நேரமில்லைங்க. பங்களா படத்த அளவா வச்சுக்கிட்டு, மத்த எல்லாத்தையும் அதுக்குச் சமமாக்கிடுங்க."

லயத்தைப் பங்களாவுக்குச் சமமாக்கச் சொல்லி அந்தத் தோட்டத்து நிர்வாகம் உத்தரவு போட்டது அதுதான் முதல் தடவை. போட்டவருக்கே அது தெரியாது.

இரண்டு நாள் உட்கார்ந்தாள். பக்கத்துப் பக்கத்துப் படங்கள் ஒன்றின்மேல் ஒன்று படிகிற இடத்தைப் பார்த்து, இதைக் கொஞ்சம் ஏற்றி, அதைக் கொஞ்சம் இறக்கி, நீலம் பாய்ந்ததை மஞ்சளாக்கி, ஒட்டுத் தெரியாமல் தேய்த்துக்கொண்டே வந்தாள். ஏழாவது படத்தில் லயம் வந்தது. இருட்டைத் தூக்கத் தூக்க, உள்ளே இருந்ததெல்லாம் வெளியே வந்தது. துருப்பிடித்த தகரக் கூரை. அதன்மேல், ஒழுகாமலிருக்க விரித்த நீலத் தறப்பாள். தறப்பாள் பறக்காமலிருக்கக் கல்லும் பழைய டயரும். அந்த லயத்துப் பன்னிரண்டு வீட்டில் நாலாவது வீடு அவளுடைய அத்தை காளியாயியுடையது. அத்தை ஏழு வருடமாகப் புதுத் தகரம் கேட்டு மனுக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

ஜீவராணி மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தாள். இங்கே மட்டும் இருட்டாகவே விட்டுவிடலாமா? விட்டால், 'இன்னும் பட்டை தெரியுதே' என்று சின்ன துரை திரும்ப வந்து நிற்பார். அவள் ஒன்றும் புரட்சிக்காரி அல்ல. திரும்ப உட்கார்ந்து செய்யச் சோம்பல், அவ்வளவுதான். எல்லாவற்றையும் ஒரே வெளிச்சமாக்கி அனுப்பிவிட்டாள். அதை ஃபோனில், விரல் நீளத்தில் பார்த்த நிரோஷன், "சூப்பர்" என்று பதில் போட்டார்.

வெள்ளிக்கிழமை ரிப்பன் வெட்டுவதைப் படம் எடுக்க ஜீவராணியும் போயிருந்தாள். கொழும்பிலிருந்து கம்பெனித் தலைவர் வந்திருந்தார். கூடவே தேயிலை வாங்குகிற இரண்டு வெள்ளைக்காரர்கள். இருபது அடிப் படத்தின் முன்னால் நடந்துகொண்டே வந்த தலைவர், லயத்தின் முன்னால் நின்றார். கூரை மேலே நீலமாக இருப்பதென்ன என்று கேட்டார்.

பக்கத்தில் நின்ற மேனேஜர், பெரிய துரைக்கு, அவசரமாக இருமல் வந்தது. ஜீவராணி கமராவைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"சோலர் பேனல், சேர்," என்றார் நிரோஷன்.

தலைவரின் முகம் மலர்ந்துவிட்டது. தொழிலாளர் வீட்டிலெல்லாம் சூரிய மின்சாரமா! வெள்ளைக்காரப் பெண் டயரைக் காட்டி, இது என்ன என்றாள். மீள்சுழற்சித் திட்டம் என்றார் நிரோஷன், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். அவள் கைதட்டினாள். பிறகு, நேரில் பார்க்க வேண்டும் என்றாள். திங்கட்கிழமை காலையில் போகலாம் என்று தலைவர் வாக்குக் கொடுத்தார். அப்போதுதான் நிரோஷனுக்கு வியர்த்தது.

சனிக்கிழமை விடியும்போதே நுவரெலியாவிலிருந்து இரண்டு லொறி தகரம் வந்து சேர்ந்தது. ஏழு வருடமாகப் பாதை சரியில்லை, பட்ஜெட் வரவில்லை, ஆள் இல்லை என்றதெல்லாம் ஒரே ராத்திரியில் சரியாகிப் போயிருந்தது. ஞாயிறு சாயங்காலத்துக்குள் பன்னிரண்டு வீட்டுக்கும் புதுக் கூரை. திங்கட்கிழமை, பேனல்களைச் சர்வீசுக்குக் கொழும்புக்கு அனுப்பியிருப்பதாக நிரோஷன் விளக்கினார். தலைவர் கவலையோடு தலையாட்டிக்கொண்டார்.

அன்றைக்கு மத்தியானமே நிரோஷன் ஃபோன் பண்ணினார். "மிஸ், புதுக் கூரையோட இன்னொரு படம் வேணுங்க. அவசரம்."

ஜீவராணி அத்தையை ஃபோனில் அழைத்து, படத்தால் கூரை வந்த கதையையும் சின்ன துரை இன்னொரு படம் கேட்டதையும் சொன்னாள். சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தாள்.

"கூரை நல்லாத்தான் இருக்கு," என்றாள் காளியாயி. "மழை பேஞ்சா ஒரே சத்தம், பேச்சே கேக்க மாட்டேங்குது. அது கெடக்கட்டும். திரும்ப எடுக்க வர்றியா?"

"ஆமா அத்தை, வியாழக்கிழமை."

"அப்படின்னா இந்தத் தடவ கமராவக் கொஞ்சம் இந்தாண்ட திருப்பி, கக்கூசையும் சேத்து எடுத்துரு. நல்லா வெளிச்சமா."