சிவப்புக் கொடியும் எங்கள் கோல்கீப்பரும்

மன்றத்துக்குச் சிறப்பு மலர் போடுகிறார்களாம். அதில் மன்றத்தின் வரலாறு வர வேண்டுமாம். டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவளுக்குப் பொழுது போகாது என்று எந்தப் புண்ணியவானோ கண்டுபிடித்து, அந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டான். "ரெண்டு பக்கம் போதும்மா. நல்லதா நாலு வார்த்தை எழுதுங்க" என்றார் தலைவர். நானும் தேடினேன். ரயில்வே, தொழிலாளர், மன்றம் என்று மூன்று வார்த்தை உடனே கிடைத்துவிட்டது. நடுவில் 'விளையாட்டு' என்று ஒன்று பெயர்ப்பலகையில் இருக்கிறதே, அதை எழுதத்தான் கை வரவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, எங்கள் மன்றத்தில் இல்லாத விளையாட்டே இல்லை. கேரம் உண்டு, சிவப்புக் காய் மட்டும் தொலைந்துவிட்டதால் ஒரு சட்டைப் பொத்தானை வைத்து ஆடுகிறோம். நீச்சல் அணி உண்டு, குளம் கிடையாது. ஒரு கோடையில் என்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்கும் தொட்டியில் இறங்கிப் பயிற்சி செய்தார்கள். அன்றைக்குக் கிளம்பிய வண்டி எல்லாம் தாமதம். பளு தூக்கும் பிரிவில் பார்சல் ஆபீஸ்காரர்கள் இருக்கிறார்கள். எதைத் தூக்கினாலும் கொஞ்ச தூரம் கொண்டுபோய்ப் போட்டால்தான் அவர்களுக்குத் திருப்தி. மகளிர் பிரிவு நான். மகளிர் பிரிவில் நான் இருக்கிறேன் என்று சொல்லவில்லை, மகளிர் பிரிவே நான்தான். குண்டு எறிவேன். எறிய வேண்டிய அந்தக் குண்டு தலைவர் அறைக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக் கொடுத்திருக்கிறது. போட்டி வந்தால் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். கேட்டால், "இன்னைக்குக் காத்து ஜாஸ்திம்மா" என்பார்.

ஓட்டப்பந்தயம் கதையே தனி. பனிக்காலத்தில் சிக்னல் கண்ணுக்குத் தெரியாதபோது தண்டவாளத்தில் ஒரு வெடி வைப்பார்கள். சக்கரம் ஏறி அது வெடித்தால் டிரைவர் வண்டியை நிறுத்தியாக வேண்டும். இப்படியே பழகின பிள்ளைகளைக் கோட்டில் நிறுத்தி, காதுக்குப் பக்கத்தில் துப்பாக்கியைச் சுட்டால் என்ன ஆகும்? மற்ற அணிக்காரன் எல்லாம் பறந்தான். எங்கள் ஆட்கள் நின்ற இடத்தில் ஆணி அடித்த மாதிரி நின்றார்கள். ஒருவன் மட்டும் பின்னால் திரும்பி என்ன ஆபத்து என்று பார்த்தான்.

ஆனால் மன்றத்தின் பெருமை கால்பந்துதான். எத்தனை வருடமோ ஆடியும் ஒரு கோப்பைகூட வாங்காமலே இருந்த பெருமை வேறு யாருக்கு இருக்கிறது? திறமை இல்லாமல் இல்லை. நாள் முழுக்கத் தண்டவாளத்தில் ஓடுகிறவர்களுக்குக் காலில் வலு இல்லாமல் போகுமா? பிரச்சினை கோட்டோரம் கொடி பிடித்து நிற்கிற ஆளிடம் இருந்தது. ஆஃப்சைடு என்று தோன்றினால் அவர் சிவப்புக் கொடியைத் தூக்குவார். கொடி என்ன சொன்னாலும் நடுவர் விசில் ஊதும்வரை ஆட்டம் நடந்துகொண்டே இருக்கும். இது உலகத்துக்கே தெரியும். எங்கள் பதினொரு பேருக்கும்கூடத் தெரியும். ஆனால் கொடி தூக்கின மாத்திரத்தில் பதினொரு பேரும் நின்றுவிடுவார்கள். எதிரணிக்காரன் நிதானமாக நடந்து வந்து, கோல்கீப்பருக்கு வணக்கம் சொல்லாத குறையாகப் பந்தை உள்ளே தட்டிவிட்டுப் போவான்.

சிரிக்காதீர்கள். வேலையில் சேர்ந்த முதல் நாளே எங்கள் ஆட்களுக்குக் காதைத் திருகிச் சொல்லிக்கொடுப்பது இது ஒன்றுதான். வேறு எதை மறந்தாலும் மன்னிப்பு உண்டு. சிவப்பைப் பார்த்து நிற்காதவன் யாரையாவது கொன்றுவிடுவான். அந்தப் பயம் மூளையைத் தாண்டி முழங்காலுக்குள் இறங்கியிருக்கிறது. ஒருமுறை எங்கள் தொல்லை தாங்காமல் போட்டிக்காரர்கள் பச்சைக் கொடி கொடுத்துப் பார்த்தார்கள். அதைத் தூக்கினதும் எங்கள் கோல்கீப்பர் கம்பத்தை விட்டுவிட்டு முன்னால் ஓடினான்.

அந்தக் கோல்கீப்பர் என் தம்பி. யார்டில் பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும்போது கொடி காட்டுகிற வேலை. தற்காலிகம். கல்யாணம் ஆகி, பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகும் தற்காலிகம். நான் சொல்லப் போகிற வருடத்தோடு அவனுக்கு வயது வரம்பு முடிகிறது. அதற்குள் நிரந்தரம் ஆகாவிட்டால் அவ்வளவுதான், வீட்டில் உட்கார வேண்டியதுதான். எனக்குச் சோறு இறங்கவில்லை. தலைவரிடம் போய் நின்றேன். அவர் ஆபீஸில் பெரிய அதிகாரி. வாழ்நாளில் பந்தை உதைத்தவர் இல்லை, அதனால்தான் மன்றத்துக்குத் தலைவர்.

"கோப்பை வாங்கிக் குடுக்கச் சொல்லுங்க. மறுநாளே நிரந்தரம். நானாச்சு" என்றார்.

கோச்சைக் கூப்பிட்டார்கள். கார்டு வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனுஷன். எந்நேரமும் வாயில் விசில் இருப்பதால் அவருக்கு விசில் என்றே பெயர். அவர் மைதானத்தைச் சுற்றிப் பத்துப் பேரைச் சிவப்புத் துணியோடு நிறுத்தினார். "சிவப்பைப் பார்த்தா நிக்கக் கூடாதுடா! சிவப்பைப் பார்த்தா வேகம்! நின்னவன் மைதானத்தைச் சுத்தி வா!" முதல் வாரம் பதினொரு பேரும் மைதானத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தார்கள், பந்துக்கு ஓய்வு. பிறகு ஒவ்வொருவனாகத் தெளிந்தான். கடைசியாகத் தெளிந்தவன் என் தம்பி. ஆனால் அவன் தெளிந்த தெளிவு இருக்கிறதே, யாரும் அப்படித் தெளியவில்லை. சிவப்புத் துணி ஆடினால் போதும், கண்மண் தெரியாமல் பாய்ந்து வந்து பந்தை அமுக்குவான்.

வட்டாரக் கோப்பையை வாங்கிவிட்டார்கள்! தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். தலைவர் மேடையேறி, "என்னுடைய இடைவிடாத உழைப்புக்குக் கிடைத்த பரிசு" என்றார். எனக்கு அப்போது கோபம்கூட வரவில்லை. சந்தோஷத்தில் பக்கத்தில் நின்றிருந்த தம்பி பெண்டாட்டியைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

நிரந்தரம் ஆவதற்கு முன்னால் ஒரு பாதுகாப்புத் தேர்வு வைப்பார்கள். தேர்வு என்று பேர்தான். தண்டவாளத்தில் ஒரு தள்ளு டிராலி. அதைத் தள்ளிக்கொண்டு ஓட வேண்டும். தூரத்தில் தேர்வாளர் நின்று சிவப்புக் கொடியைக் காட்டுவார். டிராலியை நிறுத்தினால் பாஸ். இந்தத் தேர்வில் தோற்றவன் என்று ரயில்வேயில் ஒருத்தன் கிடையாது. எழுதப் படிக்கத் தெரியாதவன் பாஸ், ஒரு கண் மங்கினவன் பாஸ்.

தம்பி டிராலியைத் தள்ளிக்கொண்டு போனான். தேர்வாளர் கொடியை உயர்த்தினார். அவ்வளவுதான். என் உடன்பிறப்பு தலையைக் குனிந்துகொண்டு பாய்ந்தான் பாருங்கள், அப்படி ஒரு வேகத்தை நான் கோப்பைப் போட்டியில்கூடப் பார்க்கவில்லை. "நிறுத்துடா! நிறுத்துடா!" என்று கத்திக்கொண்டே தேர்வாளர் கொடியும் கையுமாகப் பக்கத்துச் சாக்கடையில் குதித்தார். நான் பேயறைந்தவள் மாதிரி நின்றேன்.

"அக்கா, எனக்குத் தெரியுதுக்கா, நிக்கணும்னு தெரியுது. கால் கேக்கல" என்று அவன் அழுதான். கட்டின பெண்டாட்டிக்கு முன்னால் அழாதவன், என் முன்னால் அழுதான்.

மறுபடி தலைவர் அறை. ஒரு தடவை மறுதேர்வு உண்டு, அதற்கு மன்றத்தின் சிபாரிசு வேண்டும். தலைவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அடுத்து மண்டலக் கோப்பை வருதும்மா. இப்ப போய் அவனை நிக்கப் பழக்கினா டீம் என்ன ஆகறது? ஃபைனல் முடியட்டும். மறுநாள் மறுதேர்வு வெச்சுக்கலாம்."

"அதோட அவனுக்கு வயசு முடிஞ்சுடும் சார். அதுலயும் தோத்தா?"

"ஆடுற வரைக்கும்தான் மன்றத்தோட சிபாரிசு. ஆடலைன்னா நான் எதுக்கும்மா கையெழுத்துப் போடணும்?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த குண்டைத் தூக்கியிருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டேன். "சரி சார், ஆடுவான். ஆனா சிபாரிசுல இப்பவே கையெழுத்துப் போடுங்க. இல்லேன்னா உங்க கோல்கீப்பருக்கு நாளையிலேர்ந்து தீராத வயித்து வலி" என்றேன். என்னை முறைத்தார். பிறகு போட்டார். அதை நானே கொண்டுபோய்த் தேர்வாளரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். சாக்கடை மனுஷர் நல்லவர். "இந்தத் தடவை கொஞ்சம் தள்ளி நிக்கறேம்மா" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீடு பைத்தியக்கார வீடு. மாலையில் மைதானத்தில் விசில் அவனை நிற்காமல் ஓட வைப்பார். வீட்டுக்கு வந்ததும் நாங்கள் அவனை ஓடாமல் நிற்க வைப்போம். சமையல்கட்டிலிருந்து வாசல் வரைக்கும் அவன் துணிக்கூடையைத் தள்ளிக்கொண்டு ஓடி வர வேண்டும். வாசலில் தம்பி பெண்டாட்டி தன் சிவப்பு ரவிக்கையைத் தூக்கிப் பிடிப்பாள்.

"நில்லுங்க! ஐயோ, நில்லுங்கன்னா!"

தடால் என்று கூடையும் அவனும் அவள்மேல் விழுவார்கள். ஒரு நாள் அவள் முழங்கையைத் தேய்த்துக்கொண்டே, "அண்ணி, நாளைக்கு நீங்க நில்லுங்க. நான் ஒருத்தி எத்தனை நாளைக்குச் சாவேன்?" என்றாள். நான் நின்றேன். குண்டு எறிகிற உடம்பு, அதனால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கூடைதான் உடைந்தது. சில நாள் நிற்பான், நாங்கள் மூன்று பேரும் குதிப்போம். மறுநாள் விசில் எல்லாவற்றையும் கலைத்து அனுப்புவார். ஃபைனலுக்கு முந்தின நாள்கூட ஒரு தடவை நின்றான், ஒரு தடவை என்னை இடித்துத் தள்ளினான். இவனை நம்பி நாளை மறுநாள் எப்படித் தண்டவாளத்துக்கு அனுப்புவது?

மண்டலக் கோப்பை ஃபைனல். மைதானம் கொள்ளாத கூட்டம். தலைவர் முன்வரிசையில் கோட்டு சூட்டோடு உட்கார்ந்திருந்தார். கோப்பையை வாங்கும்போது எந்தப் பக்கம் திரும்பினால் படம் நன்றாக விழும் என்று போட்டோக்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். நானும் தம்பி பெண்டாட்டியும் கோலுக்குப் பின்னால் கம்பி வேலியை ஒட்டி இருந்தோம். ஆட்டம் முடியப் போகிற நேரம் வரைக்கும் இரண்டு பக்கமும் கோல் இல்லை. கோட்டோரத்து மனுஷர் நாள் முழுக்கக் கொடியைத் தூக்கவே இல்லை. கை வலியோ என்னவோ.

அப்போதுதான் எதிரணியில் ஒரு நெட்டையன் பந்தோடு எங்கள் பக்கம் புகுந்தான். தம்பி கோலை விட்டு வெளியே பாய்ந்து வந்தான். பந்துக்கும் அவனுக்கும் நாலு எட்டுதான், விழுந்தால் கைக்குள். கோட்டோரத்தில் சிவப்புக் கொடி உயர்ந்தது.

எங்கள் பத்துப் பேரும் நிற்கவில்லை. விசில் கோட்டுக்கு வெளியே குதித்துக் குதித்து, "வேகம்! வேகம்!" என்று கத்தினார். தம்பி கொடியைப் பார்த்தான். அவன் முதுகு எங்கள் பக்கம் இருந்தது, முகம் தெரியவில்லை. கால் மட்டும் தெரிந்தது. வலது கால் ஒரு எட்டு வைத்தது. இடது கால் வைக்கப் போனது. வைக்கவில்லை. மண்ணைத் தேய்த்துக்கொண்டு இரண்டு காலும் சேர்ந்தன. நின்றான். கையைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு, கல் மாதிரி நின்றான். நெட்டையன் அவனை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு போய்ப் பந்தை உள்ளே தள்ளினான். நடுவர் கொடியைக் கண்டுகொள்ளாமல் கையை மையத்தைப் பார்த்து நீட்டினார். கோல்.

மைதானமே அவன்மேல் பாய்ந்தது. "துரோகி" என்றான் ஒருத்தன். "எவ்வளவு வாங்கினே?" என்றான் இன்னொருத்தன். செருப்பு ஒன்று பறந்து வந்தது. விசில் தலையில் கை வைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். தலைவர் எழுந்து கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் காருக்கு நடந்தார்.

நான் வேலியில் ஏறிவிட்டேன். இந்த வயதில், புடவையோடு. தொண்டை கிழியக் கத்தினேன்: "நின்னுட்டான்! என் தம்பி நின்னுட்டான்!" கீழே தம்பி பெண்டாட்டி என் காலைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாளா அழுகிறாளா என்றே தெரியவில்லை. அத்தனை வசவுக்கும் நடுவே அவன் மெதுவாகத் திரும்பி எங்களைப் பார்த்தான். மறுநாள் அந்த டிராலி எங்கே நிற்கும் என்று அந்த மைதானத்தில் எங்கள் மூன்று பேருக்குத்தான் தெரியும்.